குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர் உண்மையிலேயே திருந்தினானா?

தமிழ்ச் சித்திரக்கதை இதழான லயன் காமிக்ஸின் பழைய ஸ்பைடர் கதைகளை அண்மையில்தான் முதன்முறையாகப் படித்த நண்பர் ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டார். இந்த ஸ்பைடர், அமெரிக்க ஸ்பைடர்மேனைப் பார்த்து உருவாக்கப்பட்ட நகலா? சில புத்தகங்களில் கொள்ளைக்காரனாக வருபவன் வேறு சில புத்தகங்களில் நீதிக்காவலனாக வருவது எப்படி? இடையில் அவன் திருந்துகிறானா, அல்லது எழுதியவர் மாறிவிட்டாரா? ஸ்பைடரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்து வருபவன் என்ற முறையில், இந்த மூன்றும் ஒரே கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நகல் என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்பைடர் பிறந்தது இங்கிலாந்தில். ஃப்ளீட்வே நிறுவனம் வெளியிட்டு வந்த ‘லயன்’ என்ற சிறுவர் வார இதழில் 1965 ஜூன் 26 அன்று அவனுடைய தொடர் தொடங்கியது. ஸ்பைடர்மேன் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1962இல் அமெரிக்காவில் வந்துவிட்டவர். எனவே காலக்கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு நகல் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் பெயரைத் தவிர இருவருக்கும் பொதுவாக இருப்பது வலை ஒன்றுதான். ஸ்பைடர்மேனைச் சிலந்தி கடித்தது; அவருக்குச் சிலந்தியின் ஆற்றல்கள் வந்தன; சுவரில் ஏறுகிறார். நம் ஸ்பைடரை எதுவும் கடிக்கவில்லை. அவனுக்குப் பிறவி ஆற்றல் என்று எதுவும் கிடையாது. முதுகில் கட்டிக்கொள்ளும் ஜெட் சாதனம், கையில் வலைத்துப்பாக்கி, இன்னொரு கையில் மயக்கவாயுத் துப்பாக்கி, பறப்பதற்கு ஹெலிகார், எல்லாவற்றுக்கும் மேலாக மூளை. இவ்வளவுதான் அவனுடைய மூலதனம். சிலந்தி என்ற பெயரும் அப்போது யாருக்கும் தனிச்சொத்தாக இருக்கவில்லை. 1933இலேயே அமெரிக்க மலிவு விலைக் கதைப் பத்திரிகை ஒன்றின் முகமூடி நாயகனுக்கு அந்தப் பெயர் இருந்தது.

இரண்டு கதைகளின் அடித்தளத்தை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஸ்பைடர்மேனின் வாழ்க்கை முழுவதையும் ஒரு குற்றவுணர்வு இயக்குகிறது: தன் கண்ணெதிரே ஓடிய திருடனைத் தடுக்காமல் விட்டதும், அதே திருடன் பின்னர் தன் பெரியப்பாவைக் கொன்றுவிட்டதும்தான் அவரைக் காவலனாக்குகின்றன. இங்கே அந்தத் திருடனே கதாநாயகன். குற்றவுணர்வு என்ற சொல்லே ஸ்பைடருக்குத் தெரியாது. அங்கே ஓடிப்போன திருடனின் பக்கம் நின்று ஒருவர் கதை சொன்னால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் 1965இல் இந்தத் தொடர் தொடங்கியது.

திருடனை நாயகனாக்கும் மரபு ஐரோப்பாவுக்குப் புதிதன்று. பிரான்சில் 1911 முதலே ஃபாந்தோமாஸ் என்ற முகமூடிக் கொடியவன் நாவல்களில் பாரிஸை நடுங்க வைத்துக்கொண்டிருந்தான். இத்தாலியில் 1962 நவம்பரில் மிலான் நகரத்தைச் சேர்ந்த ஏஞ்சலா, லூசியானா ஜூசானி என்ற சகோதரிகள் உருவாக்கிய டயபாலிக், உடலை ஒட்டிய கறுப்பு உடையணிந்து, கண்கள் மட்டும் தெரிய, நகைகளைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவில்தான் இது நடக்க வாய்ப்பில்லாமல் இருந்தது. அங்கே 1954இல் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட ஒழுங்குவிதிகள், குற்றவாளியின் மேல் வாசகருக்கு அனுதாபம் உண்டாகும்படி கதை சொல்லக்கூடாது என்றும், எல்லாக் கதைகளிலும் நன்மையே வெல்ல வேண்டும் என்றும் வெளிப்படையாகக் கூறின. அந்த விதிகளின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஒரு சான்று: 1975இல் பேட்மேனின் எதிரியான ஜோக்கருக்குத் தனி இதழ் தொடங்கியபோது, ஒவ்வொரு கதையின் முடிவிலும் அவன் தோற்றுப் பிடிபட வேண்டியிருந்தது, அந்த இதழ் ஒன்பது வெளியீடுகளோடு நின்றது. பிரிட்டனிலும் 1955இல் திகில் காமிக்ஸுகளுக்கு எதிராகச் சட்டம் வந்ததுதான். ஆனால் திருடன் ஒருவன் வாராவாரம் போலீஸுக்கு டிமிக்கி கொடுப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஸ்பைடர் பிறக்க இங்கிலாந்தில் இடம் இருந்ததற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

தொடரை உருவாக்கியவர்கள் எழுத்தாளர் டெட் கவனும் ஓவியர் ரெக் பன்னும். கவன் நமக்கு அந்நியர் அல்லர். தமிழ் வாசகர்கள் சட்டித்தலையன் என்று செல்லமாக அழைக்கும் ரோபோ ஆர்ச்சியும் அவருடைய படைப்புதான். ஆர்ச்சிக்குப் பேசும் திறன் வந்த பிறகு அவன் அடிக்கும் தற்பெருமை நினைவிருக்கிறதல்லவா? அந்தத் தற்பெருமையின் இருண்ட வடிவம்தான் ஸ்பைடர் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுத்தாளர், ஓவியர் பெயர்களை அச்சிடும் வழக்கம் இல்லாததால், அன்றைய வாசகச் சிறுவர்களுக்கு இவர்கள் இருவரையும் தெரியாது. பெயர்கள் வெளிவந்ததெல்லாம் பிற்காலத்துச் சேகரிப்பாளர்களின் பொறுமையான உழைப்பால்தான்.

ரெக் பன்னைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் ஸ்பைடரைப் பற்றிப் பேச இயலாது. கையில் இருக்கும் ஏதாவது ஒரு ஸ்பைடர் புத்தகத்தைத் திறந்து அவனுடைய முகம் பெரிதாக வரும் கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவிப் பின்னால் இழுத்து வாரிய கறுத்த முடி, நெற்றியின் நடுவில் கத்திமுனைபோல் இறங்குகிறது. புருவங்கள் இரண்டும் நெற்றிப்பொட்டை நோக்கி மேலே பாய்கின்றன. காதுகள் நரியின் காதுகளைப் போல் கூர்மையாக நிமிர்ந்திருக்கின்றன. ஒட்டிய கன்னம், நீண்ட தாடை. கதாநாயகனின் முகத்தில் வாசகனை வரவேற்கும் கோடு ஒன்றுகூடக் கிடையாது. இந்த முகத்துக்காகத்தான் நம் ரசிகர்கள் அவனுக்குக் ‘கூர்மண்டையன்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அடுத்து, முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். சுவர் வெறும் கறுப்பாகப் பூசப்பட்டிருக்காது. மெல்லிய பேனா முனையால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறப்பட்ட நூற்றுக்கணக்கான கோடுகள் சேர்ந்து அந்த நிழலை உண்டாக்கியிருக்கும். செய்தித்தாள் அச்சடிக்கும் மலிவான காகிதத்தில் கறுப்பு வெள்ளையில் அச்சாகும் ஓர் இதழுக்காக வாரந்தோறும் ஒருவர் இவ்வளவு கோடுகளை இழைத்திருக்கிறார். நேர்மையான ஒருவனாக எழுத்தாளர் எவ்வளவு முயன்று மாற்றினாலும், அந்த முகம் நேர்மையாக மாற மறுத்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி கதைக்கு வருவோம். ஸ்பைடரின் இயற்பெயர் என்ன, ஊர் எது, அவன் ஏன் இப்படியானான் என்பதெல்லாம் அந்தப் பழைய தொடரில் எங்கும் சொல்லப்படவில்லை. அவன் வருகிறான், தான் குற்றவாளிகளின் அரசன் ஆகப்போவதாக அறிவிக்கிறான். ஸ்காட்லாந்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட பழைய கோட்டை ஒன்று அவனுடைய இருப்பிடம். பூட்டு, பெட்டகம் எதுவானாலும் திறக்கும் ராய் ஆர்டினியும், குற்றத்துக்கு விஞ்ஞானத்தை வளைக்கும் பேராசிரியர் பெல்ஹாமும் அவனுடைய கைகள். துப்பறியும் அதிகாரிகள் கில்மோரும் ட்ராஸ்க்கும் அவனைத் துரத்துகிறார்கள்.

இந்தத் தொடக்கக் கதைகளில் கவனிக்க வேண்டிய செய்தி, ஸ்பைடர் கொள்ளையடிக்கும் பொருளைப் பற்றி ஏறக்குறைய அக்கறையே காட்டுவதில்லை என்பதுதான். வைரத்தைத் திருடி விற்று நிம்மதியாக வாழ வேண்டும் என்ற ஆசை அவனிடம் இல்லை. நிம்மதியான வாழ்க்கைக்கு எதற்குக் கோட்டையும் படையும்? தன்னைவிடச் சிறந்த குற்றவாளி உலகத்தில் இல்லை என்பதை உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுதான் அவன் கேட்கும் விலை. அவனுடைய வசனங்களில் பாதி, எதிரே நிற்பவரிடம் தன் மேதைமையை எடுத்துச் சொல்வதாகவே இருக்கும். ஆர்டினியும் பெல்ஹாமும் அந்தப் பேச்சைக் கேட்டு உள்ளூரப் பொருமிக்கொண்டே, இவனைக் கவிழ்த்துவிட்டுத் தலைமையைத் தட்டிப் பறிக்க வாய்ப்பு எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். திருடர்களுக்குள் விசுவாசம் உண்டு என்ற பழைய கற்பனையைக் கவன் முதல் கதையிலேயே கைவிட்டுவிட்டார். அது எனக்கு மிகவும் பிடித்த துணிச்சல்.

ஆனால் ஒரு வார இதழுக்கு இதில் பெரிய சிக்கல் இருந்தது. வாரத்துக்குச் சில பக்கங்கள். அந்தச் சில பக்கங்களுக்குள் முந்தைய வாரத்து ஆபத்திலிருந்து தப்ப வேண்டும், அடுத்த வாரத்துக்கு ஓர் ஆபத்தில் மாட்ட வேண்டும். நாயகன் நல்லவனானால் கெட்டவர்கள் வந்துகொண்டேயிருப்பார்கள், வேலை எளிது. நாயகன் திருடனானால் அவனுக்கு எதிரி போலீஸ்தான். கில்மோரும் ட்ராஸ்க்கும் அவனைப் பிடித்துவிட்டால் தொடர் முடிந்துவிடும். பிடிக்கவே மாட்டார்கள் என்பது வாசகனுக்குப் புரிந்துவிட்டால் பரபரப்பு முடிந்துவிடும். ஒவ்வொரு வாரமும் தோற்க வேண்டிய அந்த இரண்டு அதிகாரிகளைப் பார்த்தால் சில மாதங்களில் பாவமாக இருக்கும். அதோடு, சிறுவர்கள் காசு கொடுத்து வாங்கும் இதழில் காவல்துறையை இடைவிடாமல் தோற்கடித்துக்கொண்டே இருக்கவும் இயலாது.

கவன் கண்டுபிடித்த வழி, ஸ்பைடருக்கு எதிராக இன்னொரு குற்றவாளியைக் கொண்டுவருவது. இரண்டாவது கதையில் மிரர்மேன் என்பவன் வருகிறான். இல்லாதவற்றை இருப்பதுபோல் கண்ணுக்குக் காட்டும் மாயத்தோற்றங்கள்தாம் அவனுடைய ஆயுதம். அவனும் குற்ற உலகின் அரியணையைக் கேட்கிறான். ஸ்பைடர் அவனோடு மோதுவது நீதிக்காக அன்று, பட்டத்துக்காக. எனினும் படிப்பவனின் மனத்தில் அந்த இடத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. மிரர்மேனால் நகரத்துக்கு ஆபத்து. அவனை ஸ்பைடர் வீழ்த்தினால் நகரம் தப்பிக்கும். ஸ்பைடரின் நோக்கம் என்னவாக இருந்தாலும் அவன் வெல்ல வேண்டும் என்று நாம் விரும்பத் தொடங்குகிறோம். ஒருவன் நல்லவனாக மாறாமலேயே நல்ல பக்கத்தில் நிற்க முடியும் என்பதை எழுத்தாளர் கண்டுபிடித்த இடம் இதுதான். பின்னால் நிகழ்ந்த பெரிய மாற்றத்துக்கான விதை இங்கேதான் விழுந்தது. தமிழில் 1984இல் லயன் காமிக்ஸ் வெளியிட்ட முதல் ஸ்பைடர் புத்தகத்தின் தலைப்பு ‘எத்தனுக்கு எத்தன்’. தொடர் முழுவதன் இயல்பையும் இரண்டு சொற்களில் அடக்கிய தலைப்பு அது. ஆங்கிலத்தில்கூட இவ்வளவு பொருத்தமான தலைப்பு அவனுக்கு அமைந்ததில்லை என்பேன்.

மூன்றாவது கதையிலிருந்து, அதாவது 1966இன் தொடக்கத்திலிருந்து, எழுதுபவர் மாறினார். நண்பரின் ஊகம் அந்த அளவில் சரி. ஆனால் யார் வந்தார் என்பதுதான் இந்த வரலாற்றிலேயே வியப்பான பகுதி. வந்தவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல்.

சூப்பர்மேனை உருவாக்கியவர் எதற்காகக் கடல் கடந்து ஒரு பிரிட்டிஷ் வார இதழுக்குப் பெயரில்லாமல் கதை எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். 1938இல் சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் சீகலும் ஷஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பாத்திரம் பதிப்பாளர்களுக்குக் கோடிகளை ஈட்டித்தந்தது. 1947இல் உரிமையைக் கேட்டு இருவரும் வழக்குத் தொடுத்தார்கள்; உரிமை கிடைக்கவில்லை, அதோடு சூப்பர்மேன் கதைகளின் முகப்பில் வந்துகொண்டிருந்த அவர்களுடைய பெயர்களும் நீக்கப்பட்டன. 1959இல் சீகல் அதே நிறுவனத்துக்குத் திரும்பிவந்து, தாம் படைத்த பாத்திரத்துக்குத் தாமே பெயரில்லாமல் எழுதிக்கொடுத்தார். அறுபதுகளின் நடுவில் மறுபடியும் உரிமையைக் கேட்கப் போய் அந்த வேலையையும் இழந்தார். அந்த நிலையில்தான் அவர் லயனுக்கு எழுதினார். இறுதியில் 1975இல்தான் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர்கள் என்ற பெயரையும் திருப்பிக் கொடுத்தது. 1966இல் ஸ்பைடரைப் படித்துக்கொண்டிருந்த சிறுவர்களில் எவருக்கும், தங்கள் கையில் இருப்பது சூப்பர்மேனின் தந்தை எழுதிய கதை என்பது தெரியாது. இதை முதன்முதலில் அறிந்துகொண்ட நாளில் நான் வைத்திருந்த ஸ்பைடர் புத்தகங்களை எல்லாம் வெளியே எடுத்து, வசனம் வசனமாக மறுபடியும் படித்தேன். எதிரிகளை ஏளனம் செய்து ஸ்பைடர் பேசும் பெருமைப் பேச்சுகளுக்குள், பெயர் பறிக்கப்பட்ட ஒரு மனிதரின் குரல் அன்றுதான் என் காதில் விழுந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. நம் கேள்விக்கு அது மிக நெருக்கமானது. சீகல் ‘சூப்பர்மேன்’ என்ற பெயரை முதன்முதலில் பயன்படுத்தியது 1938இல் அன்று, 1933இல். அவரே தட்டச்சு செய்து வெளியிட்ட சிற்றிதழ் ஒன்றில், ஷஸ்டரின் படங்களோடு வந்த அந்தச் சிறுகதையின் சூப்பர்மேன் ஒரு கொடியவன். மனத்தை ஆளும் ஆற்றல் கிடைத்தவுடன் உலகத்தை அடக்கியாள முனையும் வழுக்கைத் தலையன். அந்தக் கொடியவனைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுத்தான், உலகம் அறிந்த சூப்பர்மேனைச் சீகல் உருவாக்கினார். ஒரு வில்லனை எடுத்து நாயகனாக்கும் வேலையை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை செய்து பார்த்தவரிடம், 1966இல் ஸ்பைடர் ஒப்படைக்கப்பட்டான். அவன் மாறாமல் இருந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

சீகல் எழுதத் தொடங்கியதும் கதையின் அளவே மாறியது. கவனின் கதைகள் கொள்ளைக் கதைகள். பெட்டகம், கோட்டை, நகரம் என்ற எல்லைக்குள் நடப்பவை. சீகலிடம் எல்லை என்பதே இல்லை. டாக்டர் மிஸ்டீரியோசோ, ஆண்ட்ராய்டு சக்கரவர்த்தி, எக்ஸ்டெர்மினேட்டர் என்று எதிரிகள் ஒருவரை ஒருவர் விஞ்சிக்கொண்டு வந்தார்கள். ஒரு கதையில் ஏழு கொடியவர்கள் கூட்டணி அமைத்துக்கொண்டு வருவார்கள். இத்தகைய எதிரிகளுக்கு நடுவில் நகைக்கடையில் திருடிக்கொண்டிருப்பது ஸ்பைடருக்கே கௌரவக் குறைவாகிவிட்டது. அதனால் ஒரு கட்டத்தில் அவன் முடிவெடுக்கிறான்: குற்றம் சலித்துவிட்டது, சட்டத்தை ஏய்ப்பதைவிடக் குற்றவாளிகளை வீழ்த்துவது கடினமான ஆட்டம், கடினமான ஆட்டத்தை ஆடுவதுதான் தன்னைப் போன்ற மேதைக்கு அழகு.

நண்பரின் மூன்றாவது கேள்விக்கு என் விடை இந்த முடிவின் காரணத்தில்தான் இருக்கிறது. ஸ்பைடர் திருந்தவில்லை. திருந்துவது என்றால் முதலில் செய்தது தவறு என்று உணர வேண்டும். அவன் அப்படி உணர்ந்ததாகத் தொடரில் எங்கும் இல்லை. அவன் எவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. பழைய குற்றங்களுக்காக வருந்தி உட்கார்வதும் இல்லை. குற்றம் செய்தபோது அவனை இயக்கியது அகம்பாவம்; குற்றத்தை எதிர்த்தபோதும் இயக்கியது அதே அகம்பாவம். ‘என்னைவிடச் சிறந்த கொள்ளைக்காரன் இல்லை’ என்ற எண்ணம் ‘என்னைவிடச் சிறந்த வீரன் இல்லை’ என்று மாறியதே தவிர, ‘என்னைவிட’ என்ற சொல் இடம்பெயரவே இல்லை. எழுத்தாளர் மாறியதால்தான் அவன் மாறினான் என்று சிலர் சொல்வதை நான் பாதி மட்டுமே ஏற்பேன். சீகல் அவனுடைய வேலையை மாற்றினார். அவனுடைய குணத்தைக் கவன் எப்படி வைத்தாரோ அப்படியே விட்டுவைத்தார். ரெக் பன்னும் அந்த முகத்தை மாற்றவில்லை. புருவம் தணியவில்லை, காது மழுங்கவில்லை. நகரத்தைக் காப்பாற்றிவிட்டுச் சிரிக்கும் கட்டத்திலும், நகரத்தைக் கொள்ளையடித்துவிட்டுச் சிரித்த அதே சிரிப்பைத்தான் அவன் சிரிக்கிறான்.

இதே காலத்தில் இன்னொரு பிரிட்டிஷ் நாயகனும் இதே பாதையில் நடந்தான் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1962இல் ‘வேலியன்ட்’ இதழில் தொடங்கிய லூயிஸ் கிராண்டல், நமக்கு இரும்புக்கை மாயாவி. ஆய்வுக்கூட விபத்துக்குப் பிறகு, மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்து உலோகக் கை மட்டும் தெரியும் நிலைக்கு ஆளான அவன், முதல் கதையில் குற்றவாளியாகத்தான் அலைந்தான். பின்னர் நிழற்படையின் உளவாளியானான். ஆனால் மாயாவியின் மாற்றம் முழுமையானது. ஆரம்பத்தில் செய்த குற்றங்கள் விபத்தின் விளைவாகக் கருதப்பட்டு மறக்கப்பட்டன. அவன் பொறுப்புள்ள அதிகாரியாகி, மேலிடத்து உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நடந்தான். ஸ்பைடரை உத்தரவுக்குக் கட்டுப்படும் ஒருவனாகக் கற்பனை செய்து பாருங்கள், முடியாது. மாயாவியின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பத்து வயதில் இரண்டு புத்தகங்களும் ஒன்றாகக் கிடைத்தால் என் கை ஸ்பைடரைத்தான் முதலில் எடுக்கும், இன்றும் அப்படித்தான்.

சீகல் காலத்துக் கதைகள் அளவுக்கு மீறிய கற்பனை என்றும், கவன் எழுதிய கொள்ளைக் கதைகளே தரமானவை என்றும் ஒரு கருத்து சேகரிப்பாளர்களிடையே உண்டு. கட்டுக்கோப்பைப் பொறுத்தவரை அது சரி. கவனின் கதையில் ஒரு காட்சி அடுத்த காட்சிக்குக் காரணமாக அமையும். சீகலின் கதையில் சில இடங்களில் ஆபத்தும் தப்பிப்பும் எங்கிருந்து வந்தன என்றே தெரியாது. சிக்கல் முற்றும்போது ஸ்பைடரின் பையிலிருந்து ஒரு புதுக் கருவி வந்துவிடும். இந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஸ்பைடரின் அகம்பாவத்துக்கு ஈடுகொடுக்கும் பெரிய மேடையைச் சீகல்தான் அமைத்துக் கொடுத்தார். தன்னை உலகிலேயே உயர்ந்தவன் என்று சொல்லிக்கொள்பவனுக்கு எதிராக உலகத்தையே விழுங்கக்கூடிய எதிரியை நிறுத்தினால்தான் அந்தப் பேச்சு வெறும் ஜம்பமா, உண்மையா என்பது தெரியும். கவன் இந்தக் கேள்வியை எழுப்பினார். சீகல் அதை ஒவ்வொரு கதையிலும் சோதித்துப் பார்த்தார். 1969இல் லயன் இதழில் தொடர் முடியும்வரை இது நடந்தது.

தமிழில் ஸ்பைடருக்குக் கிடைத்த வாழ்வு தனிக்கதை. சிவகாசியில் 1972 முதல் முத்து காமிக்ஸ் மாயாவியையும் அவனைப் போன்ற ஃப்ளீட்வே நாயகர்களையும் அறிமுகப்படுத்திவிட்டிருந்தது. 1984 ஜூலையில் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் சில மாதங்களிலேயே ஸ்பைடரைக் கொண்டுவந்தது; அவனுடைய புகழோடுதான் அந்த இதழும் காலூன்றியது. ‘டாக்டர் டக்கர்’, ‘கடத்தல் குமிழிகள்’, ‘யார் அந்த மினி ஸ்பைடர்?’ என்ற தலைப்புகளைச் சொன்னாலே அன்று பள்ளிச் சிறுவர்களாக இருந்தவர்களின் முகம் இன்றும் மலரும். இங்கிலாந்துச் சிறுவன் வாரத்துக்குச் சில பக்கமாக மாதக்கணக்கில் காத்திருந்து படித்ததை, நாம் கைக்கடக்கமான ஒரே புத்தகமாக ஒரே மாலையில் படித்தோம். சில பக்கங்களுக்கு ஒருமுறை ஓர் உச்சகட்டம் வந்து, மறுபக்கமே அது தீர்ந்து, மறுபடியும் ஒன்று தொடங்குவதற்குக் காரணம் இந்த வார இதழ் அமைப்புதான். தமிழ்ப் புத்தக வடிவத்தில் அது மூச்சுவிட இடைவெளி தராத வேகமாக மாறிவிட்டது.

தமிழ் மொழிபெயர்ப்பு அவனுக்குச் செய்த இன்னொரு நன்மை, அடைமொழி. ஆங்கிலத்தில் ‘மோசடிக்காரர்களின் அரசன்’ என்பதுபோன்ற பட்டம்தான் அவனுக்கு இருந்தது. நம்மிடம் அவன் ‘குற்றச் சக்கரவர்த்தி’ ஆனான். பின்னர் ‘நீதிக்காவலன் ஸ்பைடர்’ என்ற தலைப்பிலேயே ஒரு புத்தகம் வந்தது. ஆனால் கவனித்துப் பாருங்கள்: நீதிக்காவலன் ஆன பிறகும் ரசிகர்கள் அவனைக் குற்றச் சக்கரவர்த்தி என்றே அழைத்துவந்தார்கள். பட்டத்தை யாரும் பறிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பறிக்கவில்லை. எழுத்தாளரின் பெயரோ, தொடரின் வரலாறோ தெரியாத சிறுவர்கள், அவன் மாறவில்லை என்பதை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நண்பர் இனிப் படிக்கப்போகும் கதைகளுக்கு என்னால் சொல்ல முடிந்த ஒரே யோசனை இதுதான். நல்லவனாகிவிட்ட பிந்தைய கதை ஒன்றை எடுத்து, ஸ்பைடர் தன் திட்டத்தைப் பெருமையோடு விவரிக்கும் இடத்தில் சற்று நிறுத்துங்கள். அவனைப் பார்க்க வேண்டாம். அவனுக்குப் பின்னால் நிற்கும் ஆர்டினியையும் பெல்ஹாமையும் பாருங்கள். அவர்கள் நீதியைக் காக்க வந்தவர்கள் அல்லர். கொள்ளையில் பங்கு கேட்டு வந்தவர்கள். அரசன் மனம் மாறியதால் குடிகளும் மாற வேண்டியதாயிற்று; அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. எஜமானன் உலகத்தைக் காப்பாற்றப் புறப்படும்போதெல்லாம் ‘இதில் நமக்கு என்ன கிடைக்கும்?’ என்ற பழைய கேள்வியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, அந்த இருவரும் ஹெலிகாரில் ஏறிக்கொள்கிறார்கள்.